கம்ப்யூட்டர் ஒலிக்கு எங்கே செலவழிப்பது?

வீட்டில் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் சத்தம் நன்றாக இல்லை என்றால் பலரும் முதலில் கேட்பது, "நல்ல சவுண்ட் கார்ட் எது?" என்றுதான். கொழும்பு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றை வாங்கிப் பூட்டிய பிறகும் பாட்டு பழையபடியே கேட்கும். கார்டில் குறை இல்லை, காசு போன இடம்தான் பிழை. ஒலியில் நாம் உணரும் வித்தியாசத்தில் மிகப் பெரிய பங்கு, காற்றை நேரடியாக அசைக்கும் பாகத்தில், அதாவது ஹெட்போனில் அல்லது ஸ்பீக்கரில் இருக்கிறது. கையில் பத்து ரூபாய் இருந்தால் ஏழு ரூபாய் அங்கே போக வேண்டும். மிச்சம் மூன்று ரூபாயை எதற்குக் கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்பதை அறிய, ஒலி வரும் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

பாட்டு கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் இடது, வலது என்று ஒவ்வொரு பக்க ஒலிக்கும் வினாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை மின்னழுத்த அலையாக மாற்றும் சில்லுக்கு டாக் என்று பெயர். அந்த மெலிந்த அலைக்கு ஹெட்போனையோ ஸ்பீக்கரையோ தள்ளும் பலத்தைக் கொடுப்பது அம்ப். அதன் பிறகு ஸ்பீக்கர், அறை, காது. டாக்கும் அம்ப்பும் இல்லாத கம்ப்யூட்டர் கிடையாது. இரண்டும் மதர்போர்டிலேயே, அதாவது மற்றப் பாகங்களைப் பூட்டும் பிரதான பலகையிலேயே இருக்கின்றன. பின்பக்கப் பச்சை நிறத் துளைக்குப் பின்னால் இருக்கும் ரியல்டெக் சில்லின் வேலை அதுதான்.

அந்தச் சில்லைப் பற்றிய கெட்ட பெயர் பழைய காலத்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது பெரும்பாலான பி.சி.களில் இருந்தது 'பீப்' சத்தம் மட்டுமே. கார்ட் இல்லாமல் இசை இல்லை. பிறகு விளையாட்டுகளின் முப்பரிமாண ஒலியைக் கணக்கிடவும் கார்ட் தேவைப்பட்டது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்தக் கணக்கைக் கார்டிடம் ஒப்படைக்கும் வழியை அடைத்துவிட்டது. இன்று அந்த வேலையை ப்ரோசஸரே சிரமமில்லாமல் செய்துவிடுகிறது. நடுத்தர விலைப் போர்ட்களில் வரும் ரியல்டெக் ஏ.எல்.சி. 1220 சில்லுக்கு, ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே 120 டெசிபல் இடைவெளி என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். சி.டி.யின் 16 பிட்டுக்குள் அடங்குவது ஏறத்தாழ 96 டெசிபல்தான். போர்டில் பூட்டிய பிறகு சில்லு காகிதத்தில் உள்ள அளவை எட்டாது. அப்படியிருந்தும் மின்விசிறி சுற்றும் அறையில் அந்தக் குறை காதுக்கு எட்டுவதில்லை. ஆகவே "ஆன்போர்ட் என்பதால் மாற்ற வேண்டும்" என்பது ஒரு காரணமே அல்ல. மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இரண்டு: காதால் கேட்கக்கூடிய இரைச்சல், அல்லது ஹெட்போனுக்குப் பலம் போதாமை. முதலாவதிலிருந்து தொடங்குவோம். அதைத் தீர்க்கப் பெரும்பாலும் ஒரு சதமும் செலவில்லை.

இரைச்சலுக்கும் ஒரு முகம் உண்டு

பாட்டு எதுவும் போடாமல் ஸ்பீக்கரை வழமையாகக் கேட்கும் அளவில் வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். கேட்பது எந்த வகைச் சத்தம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

'உஸ்ஸ்' என்று மாறாமல் வரும் சீறல் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் அம்ப்பிலிருந்து வருவது. கம்ப்யூட்டர் பக்கத்துக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சீறல் அப்படியே இருந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி. எத்தனை விலையுயர்ந்த டாக் வாங்கினாலும் அது போகாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு: விண்டோஸ் ஒலியளவை 80 முதல் 100 வரை ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரின் குமிழைக் குறைத்துப் பாவியுங்கள். கம்ப்யூட்டரில் 20இல் வைத்துவிட்டு ஸ்பீக்கரை முழுவதும் திருகினால் பாட்டோடு சீறலும் சேர்ந்துதான் பெருகும்.

மவுஸை அசைக்கும்போது அல்லது பக்கத்தை உருட்டும்போது 'கிர்ர்... சீய்' என்று மாறும் மெல்லிய சத்தம் வேறு வகை. கிராபிக்ஸ் கார்ட், யூ.எஸ்.பி. சுற்று ஆகியவற்றின் மின்னோட்டம் ஏறி இறங்குவது ஒலிப் பாதைக்குள் கசிகிறது. இது முன்பக்கத் துளையில்தான் அதிகம் கேட்கும். காரணம் எளியது: முன்பக்க ஒலி இணைப்பு பெரும்பாலான போர்ட்களில் இடப்பக்கக் கீழ் மூலையில் இருக்கிறது. அங்கிருந்து கம்ப்யூட்டர் பெட்டியான கேஸின் முன்பக்கம் வரை, உறையில்லாத மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே போகிறது. ஹெட்போனைப் பின்பக்கப் பச்சைத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மேசைக்கடியில் குனிய முடியாது என்றால் ஒரு மீற்றர் நீட்டிப்பு வயர் போதும்.

முன்பக்கத்தில் ஒலியே வரவில்லை என்றால் பூட்டும்போது நடந்த பிழையாக இருக்கலாம். கேஸிலிருந்து வரும் ஒலி முனையும் யூ.எஸ்.பி. 2.0 முனையும் ஒரே பருமன், இரண்டிலும் ஒன்பது ஊசிகள். ஒலிக்கு எட்டாவது ஊசியின் இடம் வெறுமை, யூ.எஸ்.பி.க்கு ஒன்பதாவது. வெறுமையான இடத்தைப் பார்க்காமல் அமுக்கினால் ஊசி வளையும், யூ.எஸ்.பி. முனையில் வரும் 5 வோல்ட் ஒலிச் சுற்றுக்குள் போனால் சில்லும் பழுதாகும். பழைய கேஸ்களில் ஒரே வயரில் இரண்டு தலைகள் தொங்கும்: ஒன்றில் 'ஏசி 97' என்றும் மற்றதில் 'எச்டி ஓடியோ' என்றும் அச்சிட்டிருக்கும். இன்றைய போர்டுக்கு இரண்டாவதைத்தான் செருக வேண்டும்.

மூன்றாவது வகை, 'ம்ம்ம்' என்ற கனத்த உறுமல். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். உறுமலும் 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் வரும். இதற்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள்.

ஒன்று, ஏர்த் இல்லாமை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் உருண்டை முனை 5 ஆம்பியர் பிளக் பொயின்ட்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கேபிளோ சதுர முனை 13 ஆம்பியர். நடுவில் போடும் மலிவு அடப்டர்கள் சிலவற்றில் ஏர்த் முனை வெறும் பிளாஸ்டிக். அப்படி ஏர்த் அறுந்தால், பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாகக் கேஸின் உலோக உடலில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கையில் சுள்ளென்று ஒரு சிலிர்ப்பு மட்டுமே தெரியும். அதுதான் ஒலிக்குள் உறுமலாகவும் வருகிறது. சோதனை: கேஸைப் புறங்கையால் தொடும்போது உறுமல் கூடினாலோ குறைந்தாலோ ஏர்த்தைச் சந்தேகியுங்கள். இதற்கு மருந்து டாக் அல்ல, மின் வேலை தெரிந்த ஒருவர். வீட்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். இது ஒலியைவிட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மற்றது, ஏர்த் இரண்டு வழியாக வருவது. கம்ப்யூட்டர் ஒரு பிளக் பொயின்டில், மூன்று முனை ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் வேறொன்றில். இரண்டையும் ஓடியோ கேபிள் இணைக்கிறது. இப்போது ஏர்த் வயர்களும் கேபிளின் உறையும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகின்றன. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமல். முதலில் இரண்டையும் ஒரே பலவழிப் பலகையில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால், ஸ்பீக்கரில் ஒப்டிகல் உள்ளீடு இருந்தால் அதைப் பாவியுங்கள். ஒப்டிகல் கேபிளில் போவது வெளிச்சம். உலோகத் தொடர்பே இல்லாததால் வளையம் அறுந்துவிடும். ஒப்டிகல் இல்லாதவர்களுக்கு 3.5 மில்லிமீற்றர் கேபிளின் நடுவே பூட்டி உலோகத் தொடர்பை அறுக்கும் சிறு ஐசோலேட்டர் இருக்கிறது. உள்ளே இரண்டு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர்கள். மலிவானவற்றில் கீழ்ஸ்தாயி சற்று மெலியும், உறுமலோடு வாழ்வதைவிட அது மேல். ஏர்த் முனையை வெட்டுவதும், ஏர்த் துளையில் பேனை மூடியைக் குத்தி இரண்டு முனைப் பிளக்கைத் திணிப்பதும் ஒருபோதும் வேண்டாம். வளையம் அறும், அதோடு பாதுகாப்பும் அறும்.

கரண்ட் போய் யூ.பி.எஸ்.ஸில் ஓடும்போது மட்டும் 'ஸ்ர்ர்' என்று கரகரத்தால் பயப்பட வேண்டாம். மலிவு யூ.பி.எஸ்.கள் பற்றரியிலிருந்து கொடுப்பது வழுவழுப்பான அலை அல்ல, படிப்படியான அலை. அதன் கூர்மையான விளிம்புகள்தான் கேட்கின்றன. மின்சாரம் வந்ததும் நின்றுவிடும்.

எந்த வகை என்று பிடிபடாவிட்டால் ஒரே சோதனை: சார்ஜரில் செருகாத கைப்பேசியிலிருந்து, அதே கேபிளால், அதே ஸ்பீக்கருக்கு அதே பாட்டைக் கொடுங்கள். சத்தம் மறைந்தால் குற்றம் கம்ப்யூட்டர் பக்கம் அல்லது ஏர்த் பக்கம். இருந்தால் ஸ்பீக்கரிலோ கேபிளிலோ. பாட்டின் தரமும் கைப்பேசியில் அதேபோல மங்கலாகக் கேட்டால், மாற்ற வேண்டியது ஸ்பீக்கரைத்தான்.

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள்

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும் இரவில் கேட்பவர்களுக்கும் ஹெட்போன்தான் காசுக்கு அதிகம் தரும். அறையையும் அயலவரையும் அது கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது; மூடிய வகை என்றால் வீதி இரைச்சலையும் குறைக்கும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை இம்பீடன்ஸும் உணர்திறனும். இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை; அது ஓமில் சொல்லப்படும், உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அம்ப் தேவையா என்று தெரியும். இசையின் உச்சத் தட்டுகளுக்கு 110 டெசிபல் இடம் வைத்துக் கணக்கிடுவோம்; இது தவிலின் ஒரு கணத் தட்டுக்கான இடம், தொடர்ந்து கேட்கும் அளவு அல்ல.

32 ஓம், 100 டெசிபல் உள்ள ஹெட்போனுக்கு மேலும் 10 டெசிபல் வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, ஆகவே 10 மில்லிவாட். 32 ஓமில் அதற்குத் தேவை 0.57 வோல்ட். எந்தப் போர்டும் இதைக் கொடுக்கும். 300 ஓம், 97 டெசிபல் உள்ளதற்கு 20 மில்லிவாட், அதாவது ஏறத்தாழ 2.45 வோல்ட். சாதாரணப் போர்ட்கள் ஒன்றிலிருந்து இரண்டு வோல்ட்டுக்குள் நின்றுவிடும். சத்தம் வரும், ஆனால் 100இல் வைத்தும் இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருக்கும். மூன்றாவது வகை ஏமாற்றும்: 32 ஓம், ஆனால் 91 டெசிபல் மட்டும் உள்ள பிளேனர் (தட்டையான மென்படலத்தால் ஒலி எழுப்பும்) ஹெட்போன்கள். ஓம் குறைவு என்பதால் இலகு என்று நினைப்போம். ஆனால் தேவை ஏறத்தாழ 80 மில்லிவாட், அதாவது 50 மில்லிஆம்பியர் மின்னோட்டம். போர்டின் சின்ன அம்ப் அங்கே திணறும்.

பெயர் சொல்ல வேண்டுமென்றால், சோனி எம்.டி.ஆர். 7506 (63 ஓம்), ஓடியோ-டெக்னிகா எம் 50 எக்ஸ் (38 ஓம்) போன்றவை போர்டிலேயே ஓடும். பேயர்டைனமிக் டி.டி. 990 புரோவின் 250 ஓம் வகைக்கும் சென்ஹைசர் எச்.டி. 600க்கும் (300 ஓம்) அம்ப் வேண்டும். அம்ப் வாங்கக் காசில்லை என்றால் முதல் வகையிலேயே நில்லுங்கள். பலமில்லாத இடத்தில் பூட்டிய நல்ல ஹெட்போனைவிட, பொருத்தமான நடுத்தர ஹெட்போன் நன்றாகக் கேட்கும்.

வெளியேறும் இம்பீடன்ஸ் என்று இன்னொன்றும் உண்டு: அம்ப்பின் வெளியீட்டிலேயே இருக்கும் தடை. அம்ப்பின் வெளியேறும் இம்பீடன்ஸ் ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒன்றுக்குக் கீழே இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம் வரை. கூடினால் சில ஹெட்போன்களில் கீழ்ஸ்தாயி வீங்கி, குரலை மூடிவிடும். சில கேஸ்களின் முன்பக்கத் துளைக்கு இந்தக் குறையும் இருக்கிறது. பின்பக்கத்துக்கு மாறச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

மூடிய வகையா, திறந்த வகையா? கொழும்பின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தையோடு மூடிய ஹெட்போனை இரண்டு மணித்தியாலம் போட்டிருந்தால் காது நனைந்துவிடும். திறந்த வகை காற்றோட்டமானது, ஒலியும் விசாலம். ஆனால் மின்விசிறியும் ஓட்டோவும் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். தனி அறை இருந்தால் திறந்தது, பகிரும் அறை என்றால் மூடியது. மூடியதை வாங்கினால் துணி மெத்தை மாற்றக்கூடிய மாதிரியாகப் பாருங்கள்.

'7.1' (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் இருப்பது போன்ற ஒலி) என்று பெட்டியில் எழுதிய விளையாட்டு ஹெட்செட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான்; மீதி மென்பொருள். அதே வேலையை விண்டோஸில் இலவசமாக இருக்கும் 'விண்டோஸ் சொனிக்' செய்யும். விளையாட்டுக்குள்ளேயே ஹெட்போன் தெரிவு இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கலங்கிவிடும்.

டாக் எப்போது?

பின்பக்கத் துளைக்கு மாற்றியும் மவுஸ் சத்தம் போகவில்லை, அல்லது மேலே சொன்ன கணக்கில் வோல்ட் போதவில்லை. அப்போதுதான்.

சிறியதிலிருந்து தொடங்கலாம். ஆப்பிள் விற்கும் யூ.எஸ்.பி.-சி ஹெட்போன் அடப்டர் ஒரு முழுமையான டாக்கும் அம்ப்பும்தான். ஏறத்தாழ ஒரு வோல்ட் தரும், விண்டோஸில் தனி டிரைவர் மென்பொருள் வேண்டியதில்லை. 32 ஓம் ஹெட்போனுக்கு இரைச்சலில்லாத ஒலி வேண்டும் என்றால் இதற்கு மேல் தேவையில்லை. ஐரோப்பாவுக்கென்று விற்கும் மாதிரியில் வெளியேறும் வோல்ட் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி எடுப்பதென்றால் அதைக் கவனியுங்கள்.

250, 300 ஓம் வகைக்கு மேசையில் வைக்கும், டாக்கும் அம்ப்பும் ஒன்றாக உள்ள பெட்டி பொருத்தம். அதில் தேட வேண்டியவை மூன்றே: 300 ஓமில் 3 வோல்ட்டுக்குக் குறையாத வெளியீடு, கையால் திருகும் ஒலிக் குமிழ், ஸ்பீக்கருக்கான பின்பக்க வெளியீடு. 32 பிட், 768 கிலோஹேர்ட்ஸ் என்று பெட்டியில் பளிச்சிடும் எண்கள் உங்கள் காதுக்கானவை அல்ல.

உள்ளே பூட்டும் சவுண்ட் கார்ட் இன்று கடைசித் தெரிவு. அது கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழேதான் பெரும்பாலும் உட்காரும்; அதே சூடு, அதே மின் இரைச்சல், விசிறிக்கு வரும் காற்றையும் மறைக்கும். வெளியே இருக்கும் யூ.எஸ்.பி. பெட்டி நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் போகும்.

யூ.எஸ்.பி. டாக்கைப் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். இடையிடையே ஒலி அறுந்தால் விண்டோஸ் பவர் ஒப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். 'டிக் டிக்' என்று வெடித்தால் பெரும்பாலும் டாக் அல்ல, வேறொரு டிரைவர் ப்ரோசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது. வை-ஃபை டிரைவரிலிருந்து தேடத் தொடங்குங்கள். லேட்டன்சிமொன் என்ற மென்பொருள் எது என்று காட்டும்.

ஸ்பீக்கரும் மேசையும்

அம்ப் உள்ளேயே இருக்கும் ஒரு சோடி ஸ்பீக்கர்கள் போதும். 3 அங்குலத்துக்கும் 4 அங்குலத்துக்கும் இடைப்பட்ட கோன் (காற்றை அசைக்கும் கூம்பு), முடிந்தால் மேல்ஸ்தாயிக்குத் தனி ட்வீட்டர். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் என்ற எண்ணுக்குப் பொருளில்லை, தொடர்ந்து தரக்கூடிய பலத்தைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட் மட்டும் பாருங்கள். மேசையில் கேட்க 20 வாட்டே தாராளம். கீழ்ஸ்தாயிக்குத் தனி சப்வூஃபர் வரும் 2.1 தொகுதிகளில் மூன்று பெட்டிகளுக்கும் அதே காசு பங்கிடப்படுவதால், குரல் வரும் சின்னப் பெட்டிகள் மிகவும் மட்டமாக இருக்கும். தொடர்மாடியில் தரையில் வைத்த சப்வூஃபர் கொங்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில்தான் முதலில் கேட்கும் என்பது இன்னொன்று.

வைக்கும் விதம் பாதி ஒலி. இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் பக்கத்தோடு. ட்வீட்டர் காது உயரத்தில். மேசை தாழ்வென்றால் முன்பக்கத்தைச் சற்று நிமிர்த்துங்கள். சுவரிலிருந்து குறைந்தது ஒரு சாண் விலக்குங்கள். சுவரோடு ஒட்டினால், அதைவிட மூலையில் தள்ளினால், கீழ்ஸ்தாயி குமுறும். நமது அறைகளில் மாபிள் தரையும் வெறுஞ்சுவரும்தான். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் 'டிங்' என்று எதிரொலிக்கும். தடித்த திரை, தரைவிரிப்பு, புத்தகம் நிரம்பிய அலுமாரி ஆகியவை அந்த எதிரொலியைக் குடிக்கும். புதிய டாக் ஒன்றைவிட இந்த மாற்றம் தெளிவாகக் கேட்கும்.

கேபிளில் ஒரே ஒரு பொறி உண்டு. ஸ்டூடியோ வகை ஸ்பீக்கர்களில் 6.35 மில்லிமீற்றர் சமநிலை உள்ளீடு இருக்கும்; அது இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். கம்ப்யூட்டரின் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோவை ஒரு சிறு அடப்டரால் அதில் நேராகச் செருகினால், ஸ்பீக்கர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கும் பாடகரின் குரல் மாயமாகி, கிணற்றுக்குள்ளிருந்து வாத்தியங்கள் மட்டும் வருவது போலிருக்கும். ஸ்பீக்கர் பழுதில்லை. ஒரு 3.5 ஸ்டீரியோ முனை இரண்டு 6.35 மோனோ முனைகளாகப் பிரியும் கேபிளை வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்பீக்கரில் செருகினால் குரல் திரும்பிவிடும்.

காசில்லாத மேம்பாடுகள்

விண்டோஸ் ஒலி அமைப்பில் உங்கள் சாதனத்தைத் திறந்து 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழைய கொன்ட்ரோல் பனல் ஒலிப் பெட்டியில் 'கொம்யூனிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'டூ நத்திங்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்தவுடன் மற்ற ஒலிகளை விண்டோஸ் 80 சதவீதம் குறைத்துவிடும். பலர் இதை ஸ்பீக்கர் பழுது என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது, ஸ்தாயிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருள். நடுத்தர ஹெட்போனின் மேல்ஸ்தாயி காதைக் குத்தினால் 8 கிலோஹேர்ட்ஸ் அளவில் 3 டெசிபல் இறக்குங்கள். எதையாவது ஏற்றினால் அதே அளவுக்கு முழு ஒலியையும் 'ப்ரீஅம்ப்' இடத்தில் இறக்க வேண்டும். 5 ஏற்றினால் அங்கே -5. மறந்தால் உச்சத் தட்டுகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும்.

புளூடூத் ஹெட்போனில் பாட்டு இனிமையாக இருந்து, அழைப்பில் கதைக்கத் தொடங்கியதும் பழைய தொலைபேசி போலாகிவிட்டால் அது அந்த இணைப்பின் இயல்பு. மைக் வேலை செய்யும்போது வழமையான புளூடூத் இணைப்பு ஒற்றைப் பாதையாகி, மாதிரி வீதம் 8 அல்லது 16 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தனி மைக் ஒன்றைச் செருகி, விண்டோஸில் அதையே மைக்காகத் தெரிவு செய்தால் ஹெட்போன் பாட்டுத் தரத்திலேயே நிற்கும்.

மைக் விஷயத்தில் சுருக்கமாக. கொண்டென்சர் மைக் நுட்பமானது. அதனால் மின்விசிறி, காகம், பஸ் ஹோர்ன் எல்லாவற்றையும் நுட்பமாகப் பிடிக்கும். கொழும்பின் கடற்கரை ரயில் பாதைக்கும் காலி நகருக்குப் போகும் காலி வீதிக்கும் நடுவே இருக்கும் அறைக்கு டைனமிக் வகைதான் உகந்தது. எதுவானாலும் வாயிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சலோ கூடாது. கைப்பேசி ஹெட்செட்டின் நாலு பட்டை முனையைக் கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் செருகினால் மைக் வேலை செய்யாது. பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் பிரியும் ஒரு 'வை' கேபிள் வேண்டும்.

வாங்கும் நாளில்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேபிள், அடப்டர், ஐசோலேட்டர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். அவற்றை அங்கே வாங்கலாம். பெயர்பெற்ற ஹெட்போனை அங்கே பாதி விலைக்குக் கண்டால் விலகுங்கள், போலிகள் பெட்டி வரை அச்சாக அதேபோல இருக்கும். உத்தரவாதக் காலம் எழுதிய விலைச்சிட்டை தரும் கடையில் வாங்கி, நன்கு பழகிய ஒரு பாட்டைக் கைப்பேசியில் கொண்டுபோய் அங்கேயே கேளுங்கள். இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்றுச் சத்தமாக இருப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும், விற்பவர்களுக்கும் அது தெரியும். எதையும் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். கடையில் குமிழை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது.

வெளிநாட்டிலிருந்து அம்ப் எடுப்பதென்றால் அடப்டரில் '100–240 வோல்ட்' என்று இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் சில மேசை அம்ப்களுக்கு 120 வோல்ட்டுக்கு மட்டுமான ட்ரான்ஸ்ஃபோமர் அடப்டர் வரும். நமது 230இல் செருகினால் எரிந்துவிடும். சுங்கத் தீர்வைகளோடு, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பாரமான ஸ்பீக்கரைப் பழுதானால் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் அதை உள்ளூரில் வாங்குவதே புத்தி.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோர வீடுகளில் உப்புக் காற்று வெள்ளி நிற முனைகளில் பச்சை படிய வைக்கும். பிளக்கைத் திருகும்போது ஒரு காதில் ஒலி வந்து போனால் முதலில் அதைப் பாருங்கள். 99 சதவீத ஐசோபுரோபைல் அல்ககோலைத் துணியில் தொட்டு முனையைத் துடைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துளைக்குள் நாலைந்து தரம் செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொன்முலாம் பூசிய முனைக்குக் கொடுக்கும் சிறு கூடுதல் விலைக்கு இங்கே உண்மையான பயன் இருக்கிறது. அது ஒலியை இனிமையாக்காது, துருப்பிடிக்காது. ஹெட்போனை ஆணியில் தொங்கவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய பெட்டியில் வைத்தால் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரிவதும் தள்ளிப்போகும்.